விளையாட்டுக் கணினிக்கான செயலி, தாய்ப்பலகைத் தெரிவு

விளையாட்டுக் கணினிக்கான செயலி, தாய்ப்பலகைத் தெரிவு என்பது, கணினி விளையாட்டுக்களை ஆடுவதற்கென உதிரிப் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தப்படும் மேசைக் கணினியில், மையச் செயலியையும் அது அமரும் தாய்ப்பலகையையும் ஒன்றுக்கொன்று இசையுமாறு தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும். வன்தட்டு, மின்வழங்கி, கணினிப் பெட்டி முதலியவற்றைப் பின்னாளில் தனியே மாற்றிக்கொள்ள இயலும். செயலியும் தாய்ப்பலகையும் அத்தகையவை அல்ல. ஒன்றைத் தெரிவு செய்த உடனேயே மற்றதற்கான தெரிவு குறுகிவிடுகின்றது. நினைவகத்தின் வகை, வரைகலை அட்டைக்குக் கிடைக்கும் பட்டையகலம், சில ஆண்டுகளின் பின்னர் அக்கணினியை மேம்படுத்த முடியுமா என்பது ஆகிய மூன்றும் அத்துடனேயே முடிவாகிவிடுகின்றன. ஆகவே இவை இரண்டும் இரு பொருள்களாயினும் தெரிவு ஒன்றே ஆகும்.

இவ்வகைக் கணினிகளில் எக்ஸ்86 கட்டமைப்பைக் கொண்ட இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களின் செயலிகளே பரவலாகப் பயன்படுகின்றன. தாய்ப்பலகைகளை ஏசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் முதலிய தைவான் நிறுவனங்கள் உருவாக்குகின்றன.

விளையாட்டில் செயலியின் பணி

திரையில் தோன்றும் அசைவு, விரைவாக ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் நிலைப்படங்களால் ஆனது. இவற்றுள் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஆடுபவர் அழுத்திய விசைகளைப் படித்தல், எதிரிகளின் நகர்வைத் தீர்மானித்தல், பொருள்களின் மோதலைக் கணித்தல், எவை திரையில் தெரியும் எனக் கண்டு அவற்றை வரையும்படி ஆணையிடுதல் ஆகியவை மையச் செயலியின் பணிகள். அவ்வாணைகளின்படி ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறம் கணிப்பது வரைகலைச் செயலியின் பணி. இவ்விரண்டில் எது மெதுவானதோ அதுவே சட்டக வேகத்தைத் தீர்மானிக்கும்.

நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கின்றது. 144 சட்டகங்களுக்கு அது 6.9 மில்லிநொடியாகவும், 240 சட்டகங்களுக்கு 4.2 மில்லிநொடியாகவும் சுருங்கிவிடும். இங்கே திரையின் நுணுக்கமும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். 1920 × 1080 திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840 × 2160 திரையில் அதைப்போல் சரியாக நான்கு மடங்கு. பெரிய திரைக்கு மாறும்போது வரைகலைச் செயலியின் சுமை வெகுவாகக் கூடுகின்றது. மையச் செயலியின் சுமையோ பெரிதாக மாறுவதில்லை. திரை பெரிதானதால் எதிரிகளின் எண்ணிக்கை கூடிவிடுவதில்லை அல்லவா?

இதிலிருந்து ஒரு நடைமுறை விளைவு பெறப்படுகின்றது. 4கே திரையில் நொடிக்கு 60 சட்டகங்களுடன் கதை சார்ந்த விளையாட்டுக்களை ஆடுபவருக்கு நடுத்தர விலையுள்ள செயலியே போதுமானது. மிஞ்சும் பணம் வரைகலை அட்டைக்குச் செல்லவேண்டும். மாறாக, 1080 வரித் திரையில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வலோரன்ட் போன்ற போட்டி விளையாட்டுக்களை நொடிக்கு 240 சட்டகங்களுடன் ஆட விரும்புபவருக்குச் செயலியே முதன்மையானது. சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ், ஃபேக்டோரியோ போன்று ஆயிரக்கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் பாவனை செய்யும் விளையாட்டுக்களும் இவ்வகையினவே.

செயலிகளை மதிப்பிடும் சோதனைகள் பெரும்பாலும் குறைந்த நுணுக்கமுள்ள திரையில், கிடைக்கக்கூடியவற்றுள் மிக விரைவான வரைகலை அட்டையைக் கொண்டு நடத்தப்படுகின்றன. வரைகலைச் செயலி தடையாக இராதபோதுதான் மையச் செயலிகளுக்கிடையேயான வேறுபாடு புலப்படும் என்பதால் இம்முறை சரியானதே. எனினும் அச்சோதனையில் காணும் 30 விழுக்காட்டு வேறுபாடு, நடுத்தர வரைகலை அட்டை கொண்ட ஒருவரின் வீட்டுக் கணினியில் ஏறத்தாழ முற்றிலும் மறைந்துவிடக்கூடும். இதனை உணராது விலையுயர்ந்த செயலியை வாங்கி, வரைகலை அட்டையில் சிக்கனம் பிடிப்பது தொடக்கநிலையில் உள்ளோரிடம் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

கடிகார வேகமும் கருக்களும்

செயலிகளின் விளம்பரங்களில் முந்தி நிற்கும் எண்கள் இரண்டு: ஒன்று கடிகார வேகம், மற்றது பொதுவழக்கில் கோர் எனப்படும் கருக்களின் எண்ணிக்கை. இவற்றுள் எதுவும் தனித்து நின்று விளையாட்டு வேகத்தைச் சொல்லாது. இன்டெல்லின் பென்டியம் 4 செயலிகள் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை சென்ற காலத்தில், 2003 ஆம் ஆண்டில் வெளியான ஏஎம்டியின் அத்லான் 64 செயலிகள் 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய வேகத்திலேயே அவற்றுடன் போட்டியிட்டன. விளையாட்டுக்களில் பெரும்பாலும் முந்தவும் செய்தன. 2006 இல் இன்டெல் வெளியிட்ட கோர் 2 டுவோ செயலிகளும் தமது முன்னோடிகளைவிடக் குறைந்த கடிகார வேகத்தில் அவற்றை எளிதாக விஞ்சின. ஒரு கடிகாரத் துடிப்பில் எவ்வளவு பணி முடிகின்றது என்பதே இங்கு வேறுபட்டது.

கருக்களின் எண்ணிக்கைக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. 2011 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட எஃப்எக்ஸ்-8150 செயலி எட்டுக் கருக்களைக் கொண்டதாக விற்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வெளியான இன்டெல்லின் கோர் ஐ5-2500கே செயலிக்கு நான்கு கருக்களே இருந்தன. ஆயினும் அக்காலத்து விளையாட்டுக்கள் பலவற்றில் பின்னதே விரைவாக இயங்கியது. எஃப்எக்ஸ் செயலிகளில் இரண்டிரண்டு கருக்கள் தமக்குள் சில உறுப்புக்களைப் பகிர்ந்துகொண்டதால், அவற்றை எட்டுக் கருக்கள் என அழைப்பது முறையா என்பதே அமெரிக்காவில் வழக்காகி, 2019 இல் 1.21 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிவுற்றது.

கருக்கள் கூடுவதால் விளையாட்டு அதே விகிதத்தில் விரைவடையாமைக்குக் காரணம், விளையாட்டு நிரலின் ஒரு பகுதி வரிசைமுறையாகவே நடந்தாக வேண்டியிருப்பதாகும். எதிரி நகர்ந்த பின்னரே மோதலைக் கணிக்கலாம். மோதலைக் கணித்த பின்னரே வரைய ஆணையிடலாம். பங்கிட இயலாத இப்பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்பதை ஜீன் அம்டால் 1967 இலேயே எடுத்துக்காட்டினார்.

எத்தனை கருக்கள் போதும் என்பதற்கு விளையாட்டுப் பணியகங்கள் ஒரு நல்ல அளவுகோலாகும். 2020 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய இரண்டும் ஏஎம்டியின் ஜென் 2 கட்டமைப்பில் அமைந்த எட்டுக் கருக்களைக் கொண்டவை. பெரிய விளையாட்டுக்கள் பெரும்பாலும் இவற்றை மனதிற்கொண்டே எழுதப்படுவதால், இவற்றைவிடப் புதிய கட்டமைப்பைக் கொண்ட ஆறு கருக்கள் போதிய தொடக்கம் எனவும், எட்டுக் கருக்கள் நிறைவானவை எனவும் கொள்ளலாம். 12, 16 என அதற்குமேல் செல்வது நிகழ்படத் தொகுப்பு, முப்பரிமாண வரைவு போன்ற பணிகளுக்கே பயன்தரும். இன்டெல்லின் 12 ஆம் தலைமுறையிலிருந்து, அதாவது 2021 முதல், வேகமான பெரிய கருக்களும் சிக்கனமான சிறிய கருக்களும் ஒரே செயலியில் கலந்து வருகின்றன. எடுத்துக்காட்டாக 24 கருக்கள் எனக் குறிக்கப்படும் கோர் ஐ9-14900கே செயலியில் பெரிய கருக்கள் எட்டே.

பதுக்கு நினைவகம்

கேச் எனப்படும் பதுக்கு நினைவகத்தின் அளவு பெட்டியில் சிறிய எழுத்தில் அச்சிடப்படுவதாயினும் விளையாட்டுக்கு அதன் பங்கு பெரிது. செயலியின் உள்ளேயே அமைந்த மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 10 நானோநொடி செல்லும். அத்தரவு அங்கு இல்லாமல் தாய்ப்பலகையிலுள்ள முதன்மை நினைவகத்துக்குச் செல்ல நேர்ந்தால் அதைப்போல் பல மடங்கு நேரம் கழியும். விளையாட்டு நிரல்கள் சிதறிக் கிடக்கும் சிறுசிறு தரவுகளை மீண்டும் மீண்டும் நாடுவதால் இக்காத்திருப்பே அவற்றின் நேரத்தை விழுங்குகின்றது.

2022 ஏப்ரலில் வெளியான ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலி இதனைத் தெளிவாக மெய்ப்பித்தது. அதன் முன்னோடியான 5800எக்ஸ் செயலியின் 32 மெகாபைட் பதுக்கு நினைவகத்தின்மேல் மேலும் 64 மெகாபைட் கொண்ட சில்லு ஒன்று அடுக்கப்பட்டு, மொத்தம் 96 மெகாபைட் ஆக்கப்பட்டது. வெப்பம் வெளியேறுவது கடினமானதால் உச்சக் கடிகார வேகம் 4.7 இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் பெரும்பாலான விளையாட்டுக்களில் அது தன் முன்னோடியை முந்தியது. 2024 நவம்பரில் வெளியான ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலியில் அடுக்கு தலைகீழாக்கப்பட்டு, பதுக்கு நினைவகம் கருக்களுக்குக் கீழே வைக்கப்பட்டது. கருக்கள் குளிர்விப்பானுக்கு அருகில் வந்தமையால் வேகத்தைக் குறைக்கவேண்டிய தேவையும் பெருமளவு நீங்கியது.

பெயரின் இறுதியில் வரும் ஓரெழுத்துக்கூட இவ்விடயத்தில் பொருள் பொதிந்தது. ரைசன் 7 5700எக்ஸ், ரைசன் 7 5700 ஆகிய இரண்டும் எட்டுக் கருக்கள் கொண்டவை, விலையிலும் நெருங்கியவை. முன்னதில் 32 மெகாபைட் பதுக்கு நினைவகமும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்பும் உள்ளன. பின்னது மடிக்கணினிக்கும் பயன்பட்ட வேறொரு சில்லிலிருந்து உருவானதாகையால் 16 மெகாபைட்டும் 3.0 இணைப்பும் மட்டுமே கொண்டது. பெயரைப் பார்த்து வாங்குபவர் இதை அறிய வழியில்லை. இன்டெல் செயலிகளில் இறுதியில் வரும் கே என்ற எழுத்து வேகத்தைப் பயனர் கூட்டிக்கொள்ளலாம் என்பதையும், எஃப் என்ற எழுத்து உள்ளமைந்த வரைகலை இல்லை என்பதையும் குறிக்கும். எஃப் வகை மலிவானது. ஆனால் வரைகலை அட்டை பழுதுற்ற நாளில் திரையில் எதுவும் தெரியாது.

சாக்கெட்டும் அதன் ஆயுளும்

செயலி தாய்ப்பலகையில் அமரும் பொருத்துவாய் சாக்கெட் எனப்படும். 1990களின் நடுப்பகுதியில் சாக்கெட் 7 என்ற ஒரே பொருத்துவாயில் இன்டெல்லின் பென்டியம், ஏஎம்டியின் கே6, சைரிக்ஸ் நிறுவனத்தின் 6எக்ஸ்86 ஆகிய மூன்றையும் பொருத்த இயன்றது. 1997 இல் பென்டியம் 2 செயலியுடன் இன்டெல் தனக்கேயுரிய ஸ்லாட் 1 அமைப்புக்கு மாறியது. 1999 இல் ஏஎம்டி ஸ்லாட் ஏ அமைப்பைக் கொண்டுவந்தது. உருவில் இரண்டும் ஒன்றே. மின்னிணைப்பில் ஒன்றுக்கொன்று இசையாதவை. அன்று பிரிந்த வழிகள் பின்னர் இணையவில்லை. இன்றும் செயலியின் நிறுவனத்தைத் தெரிவு செய்வது தாய்ப்பலகைகளில் ஒரு பாதியை விலக்கிவிடுவதாகும்.

ஒரு சாக்கெட் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதே இத்தெரிவில் மிகப் பெரிய பண வேறுபாட்டை உண்டாக்கவல்லது. 2017 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு சனவரியில் இன்டெல்லின் நான்கு கருக்கள் கொண்ட கோர் ஐ7-7700கே, எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டுக்கு வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் ஆறு கருக்கள் கொண்ட கோர் ஐ7-8700கே வெளியானது. அதுவும் 1151 முனைகளைக் கொண்டதே. அதே சாக்கெட்டில் அமரவும் செய்யும். ஆனால் முனைகளின் பயன்பாடு மாற்றப்பட்டு, புதிய 300 வரிசைச் சிப்செட் கொண்ட தாய்ப்பலகையில் மட்டுமே அது இயங்குமாறு செய்யப்பட்டது. ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தியும் முனைகள் சிலவற்றை ஒட்டுநாடாவால் மறைத்தும் பழைய பலகைகளில் அதனை இயக்கிக் காட்டினர். சாதாரணப் பயனருக்கோ ஓராண்டுகூட நிறையாத பலகை மேம்படுத்த இயலாததாயிற்று. தொடர்ந்து 2020 இல் எல்ஜிஏ 1200, 2021 இல் எல்ஜிஏ 1700, 2024 இல் எல்ஜிஏ 1851 என இன்டெல்லின் சாக்கெட்டுகள் மாறின. இவற்றுள் எல்ஜிஏ 1700 மட்டும் 12, 13, 14 ஆம் தலைமுறைகள் மூன்றையும் ஏற்றது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டின் கதை வேறானது. 2017 மார்ச்சில் முதல் ரைசன் செயலிகளுடன் பரவலான இச்சாக்கெட்டை 2020 வரை பேணுவதாக நிறுவனம் அறிவித்திருந்தது. 2020 மே மாதத்தில், வரவிருந்த ஜென் 3 செயலிகளை 400 வரிசைத் தாய்ப்பலகைகள் ஏற்கமாட்டா என அது அறிவித்தபோது வாடிக்கையாளரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. பி450 பலகைகளைப் பலர் வாங்கியதே பின்னர் மேம்படுத்தலாம் என்ற நம்பிக்கையில்தான். அதே மாதத்திலேயே நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. 2022 இல் 2017 ஆம் ஆண்டின் 300 வரிசைப் பலகைகளுக்கும் அவ்வாதரவு நீட்டிக்கப்பட்டது. விளைவாக, 2017 இல் ரைசன் 5 1600 செயலியுடன் கணினி அமைத்த ஒருவர், பலகையையும் நினைவகத்தையும் மாற்றாமலேயே 2022 இல் 5800எக்ஸ்3டி செயலிக்கு மாற இயன்றது. அதற்கேற்ற பயாஸை அப்பலகையின் நிறுவனம் வெளியிட்டிருந்தால் மட்டுமே என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

2022 செப்டம்பரில் அறிமுகமான ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். இதனை 2027 ஆம் ஆண்டு வரையும் அதற்கு அப்பாலும் பேணுவதாக ஏஎம்டி 2024 இல் அறிவித்தது.

நெடிய ஆயுள் எல்லோருக்கும் பயன்தரும் என்று கொள்ளலாகாது. மூன்று நான்கு ஆண்டுகளில் செயலியை மட்டும் மாற்றும் பழக்கமுள்ளவருக்கே அது பணமாகின்றது. ஏழெட்டு ஆண்டுகள் ஒரே அமைப்பை ஆடிவிட்டு முழுக் கணினியையும் மாற்றுபவருக்குச் சாக்கெட்டின் எதிர்காலம் ஒரு பொருட்டன்று. வாங்கும் நாளில் எந்த இணை மலிவோ அதுவே அவருக்கு நன்று. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தபோது, கையிலிருந்த டிடிஆர்4 நினைவகத்தை வைத்துக்கொண்டு ஏஎம்4 பலகையில் செயலியை மட்டும் மாற்றுவது பலருக்கு மீண்டும் கருதத்தக்க வழியாயிற்று.

சிப்செட்

தாய்ப்பலகையின் பெயரில் வரும் பி550, இசட்790 போன்ற குறியீடுகள் அதன் சிப்செட்டைக் குறிப்பன. யூஎஸ்பி வாய்கள், சேமிப்பகங்கள், கூடுதல் அட்டைகள் ஆகியவற்றைச் செயலியுடன் இணைப்பது இச்சில்லே. அதன் தரம் விளையாட்டின் சட்டக வேகத்தைக் கூட்டுவதில்லை. ஒரே செயலியை மலிவான பலகையிலும் அதைவிட மூன்று மடங்கு விலையுள்ள பலகையிலும் பொருத்தினால், இரண்டும் செயலிக்குப் போதிய மின்சாரம் வழங்கும்வரை சட்டக வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். கூடுதல் விலைக்குக் கிடைப்பவை கூடுதல் வாய்களும், விரைவான வலையிணைப்பும், நல்ல ஒலிச்சில்லும், பலவேளைகளில் வண்ண விளக்குகளுமே ஆகும்.

ஓவர்கிளாக்கிங் எனப்படும் மிகைவேக இயக்கம் மட்டும் விதிவிலக்கு. இன்டெல் இதனைத் தனது இசட் வரிசைச் சிப்செட்டுகளுக்கு ஒதுக்கியுள்ளது. கே எழுத்துள்ள செயலியைப் பி760 பலகையில் பொருத்துபவர் அவ்வெழுத்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை வீணாக்குகின்றார். ஏஎம்டியில் பி, எக்ஸ் வரிசைகள் இதனை அனுமதிக்கும். ஏ320, ஏ520 போன்ற ஏ வரிசை அனுமதிக்காது. எனினும் தற்காலச் செயலிகள் தம் உச்ச வேகத்தைத் தாமே எட்டிவிடுவதால், கையால் வேகத்தைக் கூட்டிப் பெறும் பயன் முன்னைப்போல் பெரிதன்று.

செயலிக்கு மின்சாரம்

மலிவான பலகைக்கும் நல்ல பலகைக்கும் உள்ள மெய்யான வேறுபாடு, கண்ணில் எளிதில் படாத மின்னழுத்தச் சீராக்கியில் உள்ளது. மின்வழங்கி தருவது 12 வோல்ட். செயலிக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 1.0 முதல் 1.4 வோல்ட் வரை. கோர் ஐ9-13900கே செயலியின் உச்ச மின்நுகர்வு 253 வாட் ஆகும். அதனை 1.25 வோல்ட்டில் வழங்குவதெனில் சீராக்கியின் வழியே ஏறத்தாழ 200 ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டும். வீட்டிலுள்ள பெரிய மின்சாதனங்களுக்கான இணைப்பு வாய்கள் 16 ஆம்பியருக்கே அமைக்கப்படுவதை நோக்கினால் இதன் அளவு விளங்கும். சீராக்கியின் திரிதடையங்கள் சூடேறி வரம்பைக் கடந்தால் பலகை செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆடுபவருக்கு இது காரணம் புரியாத தடுமாற்றமாகத் தோன்றும்.

செயலியின் மேல் குறிக்கப்படும் வாட் அளவு அதன் உச்ச நுகர்வு அன்று என்பதை அறிதல் நன்று. 65 வாட் எனக் குறிக்கப்பட்ட ரைசன் 5 7600 செயலி 88 வாட் வரையும், 65 வாட் எனக் குறிக்கப்பட்ட கோர் ஐ5-12400 செயலி 117 வாட் வரையும், 170 வாட் எனக் குறிக்கப்பட்ட ரைசன் 9 7950எக்ஸ் செயலி 230 வாட் வரையும் நுகரலாம். முதலிரண்டுக்கும் எளிய பலகை போதும். மூன்றாவதற்கு, சீராக்கியின் மேல் கனமான வெப்பத்தணிப்புத் தகடுகள் அமைந்த பலகையே தகும். இத்தகைய பலகைகளின் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் நடைபெறுவன. 35 பாகை வெப்பமுள்ள அறையில் கணினியை இயக்கும் வெப்பமண்டல நாட்டவர் அம்முடிவுகளுடன் பத்துப் பன்னிரண்டு பாகையைக் கூட்டிக்கொள்வது பொருத்தமாகும்.

பலகை கூடுதலாக வழங்குவதும் தீங்கானதே. 2023 இல் ஏஎம்5 பலகைகள் சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் கருகிய நிகழ்வுகள் வெளியாயின. அதனைத் தொடர்ந்து அவ்வழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதவாறு பயாஸ் இற்றைப்படுத்தல்கள் வெளியிடப்பட்டன. இன்டெல்லின் 13, 14 ஆம் தலைமுறைச் செயலிகளில் காணப்பட்ட நிலையின்மை இதனினும் பரவலானது. விளையாட்டுக்கள் இடைநடுவே நின்றுபோவதாகப் பயனர்கள் முறையிட்டனர். மிகையான மின்னழுத்தமே காரணம் என 2024 இல் கண்டறிந்த இன்டெல், பலகைகள் தனது பரிந்துரையை மீறிய மின்னமைப்புக்களைக் கொண்டிருந்ததையும் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. 2024 ஆகத்து முதல் திருத்திய நுண்நிரல் பயாஸ் வழியாக வழங்கப்பட்டதுடன், உத்தரவாதக் காலமும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏற்கனவே சேதமுற்ற செயலியை அந்நுண்நிரல் குணப்படுத்தாது. ஆகவே இத்தலைமுறைச் செயலியைப் பயன்படுத்திய நிலையில் வாங்குவோர் அதன் உத்தரவாதம் எஞ்சியுள்ளதா என்பதைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

பயாஸ்

கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் நிரலான பயாஸ், தாய்ப்பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லில் பதியப்பட்டுள்ளது. செயலியை அடையாளம் காண்பது அதுவே. பலகை உருவாக்கப்பட்ட பின்னர் வெளியான செயலியைப் பொருத்தினால், சாக்கெட் இசைந்தாலும் கணினி தொடங்காது. பயாஸை இற்றைப்படுத்தினால் தொடங்கும். இற்றைப்படுத்தவோ கணினி தொடங்கியாக வேண்டும். 2018 இல் இச்சிக்கலுக்குள்ளான வாடிக்கையாளருக்கு ஏஎம்டி பழைய செயலி ஒன்றைக் கடனாக அனுப்பி, இற்றைப்படுத்திய பின் திரும்பப் பெற்றுக்கொண்டது. செயலி இல்லாமலேயே யூஎஸ்பி நினைவகத்திலிருந்து பயாஸைப் பதியும் வசதி பின்னர் பல பலகைகளில் இடம்பெற்றது. சற்று விலை கூடினாலும் இவ்வசதியுள்ள பலகையைத் தெரிவது பயனுள்ளது.

ஏஎம்4 பலகைகள் பலவற்றில் இச்சில்லின் கொள்ளளவு 16 மெகாபைட் மட்டுமே. ஐந்தாண்டுச் செயலிகள் அனைத்துக்குமான குறிப்புக்களும் அதில் அடங்காமையால், சில நிறுவனங்கள் மிகப் பழைய செயலிகளின் ஆதரவை நீக்கின. சில பயாஸின் அழகிய திரைகளை எளிமையாக்கின. எனவே பலகை நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள செயலி ஆதரவுப் பட்டியலையும், அதில் எந்தப் பயாஸ் பதிப்பு குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் வாங்குமுன் பார்த்தறிய வேண்டும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு முடிவுற்றதால் பழைய இணைகளுக்கு மற்றுமொரு வரம்பு ஏற்பட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல்லில் 8 ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதலான செயலிகளையுமே முறைப்படி ஏற்கின்றது. வலோரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6 போன்ற விளையாட்டுக்கள் ஏமாற்றுதலைத் தடுக்கும்பொருட்டுப் பாதுகாப்பான தொடக்கம் என்ற அமைப்பையும் பயாஸில் இயக்கியிருக்கக் கோருகின்றன.

நினைவகமும் வரைகலை அட்டைக்கான பாதையும்

டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய இரண்டும் 288 முனைகள் கொண்டவை; வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றது அமராது. எல்ஜிஏ 1700 செயலிகள் இரண்டையும் ஏற்குமாயினும் பலகை பொதுவாக ஏதேனும் ஒன்றையே ஏற்கும். ஒரே பெயர் கொண்ட பலகை இருவகையிலும் விற்கப்பட்டதால் தவறான நினைவகத்துடன் வீடு திரும்பியோர் உண்டு. ஒரு 16 கிகாபைட் அட்டையைவிட இரண்டு 8 கிகாபைட் அட்டைகள் விளையாட்டுக்குச் சிறந்தவை. டிடிஆர்4-3200 நினைவகம் ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 கிகாபைட்டும், இரு தடங்களில் 51.2 கிகாபைட்டும் கடத்தவல்லது. அட்டையில் குறித்த வேகம் தானாகக் கிடைப்பதில்லை. எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் பயாஸில் இயக்க வேண்டும். இதனை அறியாது ஆண்டுக்கணக்கில் குறைவேகத்தில் ஆடுவோர் பலர்.

வரைகலை அட்டைக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில், 3.0 பதிப்பு ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 1 கிகாபைட்டும், 4.0 பதிப்பு 2 கிகாபைட்டும், 5.0 பதிப்பு 4 கிகாபைட்டும் கடத்துகின்றது. விலையுயர்ந்த அட்டைகள் 16 தடங்களையும் பயன்படுத்துவதால் பழைய 3.0 பலகையிலும் அவை இழப்பது சிறிதே. முரணாக, மலிவான அட்டைகளே இங்கு பாதிக்கப்படுகின்றன. 2022 சனவரியில் வெளியான ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடங்களையும் 4 கிகாபைட் நினைவகத்தையும் மட்டுமே கொண்டது. 4.0 பலகையில் ஓரளவு இயங்கும் அது, 3.0 பலகையில் பல விளையாட்டுக்களில் கணிசமாகத் தளர்வடைந்தது. பழைய மலிவுப் பலகையை வைத்திருப்போரே இவ்வட்டையை நாடுவர் என்பதை எண்ணினால் இதன் தீவினை விளங்கும்.

பலகையின் பருமன்

ஏடிஎக்ஸ் பலகை 305 × 244 மில்லிமீட்டரும், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மில்லிமீட்டரும், மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மில்லிமீட்டரும் அளவுடையவை. ஒரே ஒரு வரைகலை அட்டை கொண்ட விளையாட்டுக் கணினிக்கு நடுவணதே பெரும்பாலும் போதும். மினி ஐடிஎக்ஸ் சிறியதாயினும் விலை கூடியது.

பொருத்தும்போது

எல்ஜிஏ வகைச் சாக்கெட்டில் மெல்லிய முட்கள் பலகையிலேயே உள்ளன. இன்டெல் 2004 முதலும், ஏஎம்டியின் பொதுப் பயன்பாட்டுச் செயலிகள் ஏஎம்5 முதலும் இம்முறையில் அமைந்தவை. ஏஎம்4 செயலிகளில் முட்கள் செயலியின் அடியில் இருந்தமையால், குளிர்விப்பானைக் கழற்றும்போது உறைந்த வெப்பப் பசை செயலியையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவதுண்டு. சிறிது நேரம் கணினியை இயக்கிப் பசையை இளக்கியபின், குளிர்விப்பானை இடவலமாகத் திருகிக் கழற்றுவது இதனைத் தவிர்க்கும். எல்ஜிஏ பலகையை வாங்கும்போது கடையிலேயே சாக்கெட்டின் நெகிழி மூடியைத் திறந்து, முட்கள் ஒரே சீராக ஒளிர்கின்றனவா எனச் சாய்வாக நோக்க வேண்டும். வளைந்த முள்ளை உத்தரவாதம் பொதுவாக ஏற்பதில்லை. மூடியை எறிந்துவிடாமல் பாதுகாப்பதும் தேவை. பலகையை உத்தரவாதத்தின்கீழ் திருப்பி அனுப்ப நேரும்போது மூடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும் எனப் பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன.